இடம் மாறிய ஊசி

என் மனைவி பல் டாக்டர், நான் வக்கீல். "அவசரப்பட்டு நோயாளிகிட்ட மன்னிப்புக் கேட்டுடாதே, கோர்ட்டுல குற்றத்தை ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்" என்று கல்யாணமான புதிதில் சொல்லித் தொலைத்தேன். அவள் அதை வீட்டுக்கும் சேர்த்து எடுத்துக்கொண்டாள். என் வெள்ளைச் சட்டையைச் சிவப்புத் துணியோடு துவைத்துப் பாழாக்கியபோதுகூட, "ரோஸ் கலர் உங்களுக்கு எடுப்பா இருக்கு" என்றாள். அவ்வளவுதான்.

நேற்று கடைவாய்ப் பல்லைப் பிடுங்க அவளிடமே போய்ப் படுத்தேன். ஊசி போட்டாள். வலி வலது பக்கம், மரத்துப்போனதோ இடது கன்னம். நான் விரலால் காட்டியதும் எக்ஸ்ரே படத்தைப் பார்த்தாள். அதைத் திருப்பி மாட்டியிருந்தாள்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. அலட்சியம் என்று வழக்குப் போட மூன்று வேண்டும்: கவனமாக இருக்கவேண்டிய கடமை, அதை மீறியது, அதனால் வந்த பாதிப்பு. முதல் இரண்டும் கையிலிருந்தன. விடுவேனா?

என்னிடம் கேட்டுக்கொண்டு வலது பக்கமும் ஊசி போட்டாள். நாக்கும் மரத்த பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தப்பு என்னோடதுதாங்க. மன்னிச்சிடுங்க. அந்தச் சட்டைக்கும் சேர்த்து."

வாதாட வாயைத் திறந்தேன். எச்சில்தான் வழிந்தது. சிரித்துக்கொண்டே துடைத்துவிட்டாள்.

கடமை உண்டு, மீறலும் உண்டு. பாதிப்பைத்தான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.