எலிகளுக்கு மட்டும்

1

இந்தக் கதை ஒட்டுக்கேட்டதில் பிறந்தது. உறவினர் ஒருவருக்குத் துணையாக டயாலிசிஸ் வார்டில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்துப் படுக்கைக்காரர் தன் தங்கையிடம் கேட்டார்: “எலிக்குக் குடுக்கற மருந்த எனக்குக் குடுக்க மாட்டியா?” அதற்கு மேல் காதில் விழவில்லை. மீதியெல்லாம் நான் கட்டியது.

2

அண்ணனை வெல்டர் ஆக்கினேன். (முதலில் ஆசிரியராக இருந்தார். வாயைத் திறந்தாலே பாடம் நடத்தினார், அந்த வேலையைத் தூக்கிவிட்டேன்.) சர்க்கரை நோய் சத்தமில்லாமல் அவருடைய சிறுநீரகங்களைத் தின்றுவிட்டது. தங்கைக்கு ஆய்வுக்கூடத்தில் வேலை. கண்ணுக்கே தெரியாத நானோ துகள்களில் மருந்தை ஏற்றி, வழியில் சிந்தாமல் நேரே சிறுநீரகத்தில் இறக்கப் பார்க்கிறார்கள். அவளை இப்படித் தொடங்கினேன்: ‘அவள் கண்களில் நம்பிக்கையின் ஒளி—’

வேண்டாம். தூங்காத கண்கள், அவ்வளவுதான்.

3

“எலிங்களுக்கு மருந்து கேட்டுதுன்னு நீதானே சொன்ன?”

“கேட்டுதுண்ணே. சிறுநீர்ல புரதம் போறது நல்லா குறைஞ்சுது.”

“அப்புறம் என்ன? ஒரே ஒரு ஊசி. போனா என் உயிர்தானே?”

“மனுஷங்களுக்கு இன்னும் போட்டுப் பார்க்கலண்ணே. விதி விடாது.”

“சரி, பிழைச்ச எலிங்க இப்ப எங்க?”

குழாயில் ஓடும் அவர் ரத்தத்தையே அவள் பார்த்தாள். “கொன்னுட்டோம். கிட்னிய அறுத்துப் பார்த்தாதானே குணமாச்சான்னு தெரியும்.”

அண்ணன் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். மெஷின் அலறியது. “கைய ஆட்டாதீங்க!” என்று நர்ஸ் அதட்டினாள்.

(விதி என்றது பாதி உண்மைதான். சேதம் தொடங்கும்போதே கொடுத்தால்தான் அந்த மருந்து வேலை செய்யும். அண்ணனின் சிறுநீரகங்கள் எப்போதோ தழும்பேறிச் சுருங்கிவிட்டன. நாளைக்கே கடைக்கு வந்தாலும் அவருக்கு உதவாது. தங்கைக்கு இது தெரியும். விதியைக் காட்டினால் திட்டித் தீர்க்கவாவது அவருக்கு ஒன்று மிஞ்சும் என்று நினைத்தாள்.)

4

கதைக்கு நான் எழுதிய ஒரு முடிவில் அவள் மருந்துக் குப்பியைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு ஆய்வுக்கூட வாசலைத் தாண்டி—

அந்த வரியை அடித்துவிட்டேன். அவர் பிழைத்தால் நான் பொய்யன்; செத்தால் அவள் கொலைகாரி.

ஆகவே இப்படித்தான் நடந்தது. நர்ஸ் ஊசியை உருவியதும், அண்ணன் கையில் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி அவள் சொல்லிவிட்டாள்: “அது வந்தாலும் உனக்குக் கேட்காதுண்ணே. உன் கிட்னி அந்தக் கட்டத்தத் தாண்டிருச்சு.”

அவர் மேலே பார்த்தபடி நிதானமாகக் கேட்டார்: “இத்தன நாளா ஏன் சொல்லல?”

அவளுக்காகப் பதில் எழுத உட்கார்ந்தேன். ‘நீ உடைஞ்சு போயிருவேன்னு—’ இல்லை. ‘எனக்குத்தான் தைரியம்—’ அதுவும் முழு உண்மை இல்லை.

ரத்தம் எப்போதோ நின்றுவிட்டது. அவள் இன்னும் பஞ்சை அழுத்திக்கொண்டே இருக்கிறாள். உங்களிடம் பதில் இருந்தால் சொல்லுங்கள்; அவர் காத்திருக்கிறார்.