பலூனுக்குச் சவரம்

மாஸ்டரின் சலூனில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாகத் தொழில் பழக வருகிறவனுக்கு எடுத்த எடுப்பில் மனித முகம் கிடைக்காது, ஊதிக் கட்டிய பலூன்தான் கிடைக்கும். அதில் சோப்பு நுரை தடவி, சவரக்கத்தியால் நுரையை மட்டும் வழித்தெடுக்க வேண்டும். கை ஒரு துளி அழுந்தினாலும் பலூன் வெடிக்கும். வெடித்தால் கடையில் இருக்கிற அத்தனை பேரும், பாதி முடி வெட்டிய தலையோடு உட்கார்ந்திருப்பவர் உட்பட, கை தட்டிச் சிரிக்க வேண்டும். சிரிக்காதவரை மாஸ்டர் முறைப்பார். "வெக்கம் வந்தாதான்யா கை நிக்கும்" என்பது அவர் கட்சி.

அழுதுகொண்டு ஓடிப்போனவர்கள்தான் அதிகம். தாக்குப்பிடித்து நின்றவன் சீப்பு. முன்பல் நீண்டிருந்ததால் வந்த பெயர், வைத்தவரும் மாஸ்டர்தான். கல்யாணமாகிப் பிள்ளை குட்டி பெற்ற பிறகும் அவன் சீப்பாகவே இரண்டாம் நாற்காலியருகே நின்றான்.

அப்பேர்ப்பட்ட மாஸ்டருக்கு ஒரு காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது வலது கை விழுந்துவிட்டது. பக்கவாதம். ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றி அனுப்பினார்கள். நடை தேறியது, பேச்சும் தேறியது. கை மட்டும் தோளிலிருந்து யாருடையதோ மாதிரி தொங்கியது.

பயிற்சி கொடுக்க ஒரு பெண் கடைக்கு மேல்மாடியில் இருந்த வீட்டுக்கு வந்தாள். பொறுமைசாலி. ரப்பர் பந்தைக் கையில் வைத்து அமுக்கச் சொல்வாள், விரல் லேசாக அசைந்தாலே "சூப்பர் சார், நேத்தைக்கு இன்னிக்கு எவ்வளவோ தேவலை" என்பாள். மாஸ்டருக்கு உடனே கண் கலங்கிவிடும். வாழ்நாளில் யாரையும் பாராட்டியறியாத மனிதர், பாராட்டு வாங்கத் தெரியாமல் தவித்தார். அவர் மனைவியும் பக்கத்தில் நின்று, "உங்களால முடியுங்க, நம்பிக்கைய விட்டுடாதீங்க" என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். சொல்லச் சொல்லக் கை நடுங்கும், பந்து கட்டிலுக்கு அடியில் உருளும். அவள் தரையில் படுத்துத் துழாவி எடுத்துத் தருவாள்.

ஒரு நாள் அந்தப் பந்தை அவர் வாங்கவில்லை. "போதும். கடைய சீப்பே எடுத்துக்கட்டும். என்னைய விட்டுடு" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு சாப்பாட்டையும் பாதியில் தள்ளினார், மீசையை ஒதுக்கவும் விடவில்லை. கீழே கடையில் கத்தரிக்கோல் சத்தம் கேட்டால் தலையணையைக் காதில் வைத்து அழுத்திக்கொண்டார். கடை இல்லாத மாஸ்டர் ரொம்ப காலம் இருக்கமாட்டார் என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

அந்த வாரத்தில்தான் டீ கொட்டியது. அப்போதுதான் மாற்றிய படுக்கை விரிப்பு. தூக்கம் கெட்டுக் கெட்டு அவளுக்குத் தலை கிறுகிறுத்துக்கொண்டிருந்தது. வாய் தானாகத் திறந்துகொண்டது. "ஒரு டம்ளரைப் பிடிக்க வக்கில்ல. இந்தக் கைய வெச்சுக்கிட்டா ஊரான் வீட்டுப் பசங்களை எல்லாம் அழ வெச்சே?"

சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். கல்யாணமான நாளிலிருந்து அவரை ஒருமையில் பேசியதே கிடையாது. ஆனால் அவள் பார்வை அவர் முகத்தில் இல்லை. ரப்பர் பந்துக்கு மடங்காத வலது கை விரல்கள், நனைந்த விரிப்பைக் கொத்தாகப் பிடித்திருந்தன.

வேறு எவளாக இருந்தாலும் பயிற்சி கொடுக்கிற பெண்ணிடம் போய்ச் சொல்லி, என்ன ஏது என்று கேட்டிருப்பாள். இவள் சலூன்காரர் மனைவி. கீழே கேட்ட கைதட்டலிலேயே குடும்பம் நடத்தியவள். நேராகக் கடைக்குப் போய் பலூன் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு மாடியேறினாள்.

"எந்திரி மாஸ்டரு. படுத்துக்கிட்டு சாகறதுக்கு இது சத்திரம் இல்ல. பிரஷ்ஷப் பிடி."

நுரை தடவும்போதே பலூன் நழுவி விழுந்தது. அவள் கை தட்டினாள். சிரித்தாள். சிரிப்பு வராமல் தொண்டையிலிருந்து ஏதோ ஒரு சத்தம் வந்தது, அதுவே போதுமானதாக இருந்தது. கீழே போய் சீப்பையும் கூட்டிவந்தாள்.

"பாவம்க்கா, வேணாம்க்கா" என்றான் சீப்பு.

"கை தட்டுடா. அவர் சொல்லிக்குடுத்ததுதானே."

முதல் நாள் அவன் அழுதுகொண்டே தட்டினான். போகப்போகச் சத்தமாகத் தட்டினான். பிறகு, கூப்பிடாமலே மாடிக்கு வர ஆரம்பித்தான். எத்தனை வருஷத்துக் கடன் அது, அவன் வட்டியோடு தீர்த்துக்கொண்டிருந்தான் என்பது பார்த்த யாருக்கும் புரிந்திருக்கும்.

பயிற்சி கொடுக்கிற பெண் ஒருநாள் கதவருகே நின்று இதைக் கேட்டுவிட்டாள். "இது சிகிச்சை இல்லம்மா, சித்திரவதை" என்றாள். "கை அசையுதா இல்லியா, அதைச் சொல்லு" என்றாள் மனைவி. அசைந்துகொண்டுதான் இருந்தது. அந்தப் பெண் பந்தை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு போனாள், திரும்பி வரவில்லை.

பிரஷ்ஷிலிருந்து கத்திக்கு வந்தார்கள். பலூன் வெடிக்கும்போதெல்லாம் மனைவி நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்பாள், பிறகு சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் அழுவாள். கை வந்ததும் காலில் விழுந்து எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும், அவர் புரிந்துகொள்வார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். அந்த ஒரு நம்பிக்கையில்தான் அவள் அடுத்த பலூனை ஊதினாள்.

திட்டு தீர்ந்துபோகிற சாமான் இல்லை, ஆனால் பழைய திட்டு வேலை செய்வதில்லை. புதிதாகத் தேட வேண்டியிருந்தது. காய் நறுக்கும்போது யோசித்து வைத்துக்கொள்வாள். அவர் அப்பா குடித்துவிட்டுத் தெருவில் கிடந்ததை எடுத்தாள். அவரை ஏமாற்றிவிட்டுப் போன தம்பியை எடுத்தாள். ஒருநாள் வேறெதுவும் கைவசம் இல்லாமல், இருவரும் இத்தனை வருஷமும் வாய்விட்டுப் பேசாத ஒன்றை எடுத்தாள்.

"ஒரு பிள்ளைக்கும் துப்பில்ல, ஒரு பலூனுக்கும் துப்பில்ல."

சீப்பு கூட கை தட்டவில்லை. மாஸ்டர் அவளைப் பார்க்காமல் கத்தியை எடுத்தார். மேலிருந்து கீழாக, பக்கம் பக்கமாக நுரையை வழித்தார். பலூன் முழுசாக, ஈரமாக, பளபளவென்று அவர் கையில் இருந்தது. அன்றைக்கு அவள் சமையலறைக்குப் போனாள், குழாயைத் திறக்கவில்லை. திறக்கவில்லை என்பதே அவளுக்குச் சாப்பிட்டுக் கை கழுவும்போதுதான் உறைத்தது.

பலூன் வேறு, கழுத்து வேறு. அடுத்தது மனித முகம் வேண்டும். சீப்பு தொண்டையைத் தடவிக்கொண்டு, "எனக்குக் குடும்பம் இருக்கு மாஸ்டர்" என்று நழுவிவிட்டான். வாடிக்கைக்காரர்களுக்கெல்லாம் திடீரென்று தாடி மேல் ஆசை வந்தது. மதிய இடைவேளையில் கடைக்கதவைச் சாத்திவிட்டு, மனைவி முதல் நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள்.

"என் மூஞ்சியில செய்."

அவர் துணியைப் போர்த்தினார். கன்னம், தாடை, கழுத்து என்று நுரை தடவினார். கன்னத்தில் கத்தி இறங்கியது, ஒரு கீறல் இல்லை. கண்ணாடியில் அவள் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பழைய கை. கல்யாணமான புதிதில் கடை வாசலில் நின்று மறைந்து மறைந்து பார்த்த அதே கை. சந்தோஷம் தாங்கமுடியவில்லை. கத்தி கழுத்துக்கு வந்தபோது அவளால் பொறுக்க முடியவில்லை.

"என்னங்க, நான் பேசினது எதுவும் மனசுலேருந்து வந்தது இல்லைங்க. உங்க கைக்காகத்தான்..."

கை ஆடியது. வெள்ளை நுரையில் சிவப்பு ஊறியது. ஆழமில்லை.

மாஸ்டர் கத்தியை விலக்கினார். "பேசாத."

"இல்லங்க, நான் சொல்றதக் கொஞ்சம்..."

"பேசாதன்னு சொல்றேன்ல." அவர் குரலில் கோபம்கூட இல்லை. "மொதல்ல நீ நடிக்கிறேன்னு எனக்கும் தெரிஞ்சுது. குழாயத் திறந்து விட்டுட்டு அழுவியே, சத்தம் கேக்கும். அப்புறம் ஒருநாள் குழாய்ச் சத்தம் கேக்கல. அன்னிலேருந்துதான் கை நிக்குது."

கண்ணாடிக்குள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"உன்னப் பாத்தாலே எனக்குப் பத்திக்கிட்டு வருது. அது இருக்கிற வரைக்கும்தான் இந்தக் கை. நல்லது பேசி அதையும் எடுத்துடாத." கத்தியைத் துடைத்தார். "திட்டு."

கஷ்டமாக இருக்கும் என்றுதான் அவள் நினைத்தாள். வாயைத் திறந்தது மட்டும்தான் அவள் செய்த வேலை, மீதி எல்லாம் தயாராக உள்ளே அடுக்கியிருந்தது. வந்துகொண்டே இருந்தது. கத்தி அவள் கழுத்தில் தொண்டைக்குழி வரை நேராக, நிதானமாக இறங்கியது.

இப்போது கடை பழையபடி நடக்கிறது. முதல் நாற்காலிக்குப் பின்னால் மாஸ்டர், வாசலோரம் ஒரு ஸ்டூலில் அவர் மனைவி. அவர் கத்தியை எடுத்ததும் அவள் ஆரம்பித்துவிடுவாள். சீப்பு ரேடியோவைக் கொஞ்சம் கூட்டி வைப்பான். வருகிறவர்கள் அவளைப் பார்த்து முகம் சுளிப்பார்கள், அவரைப் பார்த்து உச்சுக் கொட்டுவார்கள்.

பக்கத்துக் கண்ணாடிக் கடைக்காரர் ஒருநாள் நுரை பூசிய முகத்தோடு கேட்டேவிட்டார். "எப்படி மாஸ்டர் தாங்கிக்கிறீங்க? நானா இருந்தா எல்லாத்தையும் எப்பவோ விட்டுட்டுப் போயிருப்பேன்."

"விட்டுடத்தான் நெனச்சேன்" என்றார் மாஸ்டர். "இவதான் விடல."

அவள் சட்டென்று பேச்சை நிறுத்தினாள். ரேடியோவில் யாரோ விலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். கண்ணாடிக் கடைக்காரர் கண்ணை மூடி, கழுத்தைப் பின்னால் சாய்த்துக் காத்திருந்தார். கழுத்துக்கு மேலே கத்தி லேசாக ஆடத் தொடங்கியது. மாஸ்டர் அவளைத் திரும்பிப் பார்த்தார்.

அவள் மறுபடி ஆரம்பித்தாள்.