லாவண்டர் ஸ்ட்ரீட்டில் மாப்பிள்ளைக் கார்

அழகப்பன் மாலையும் தலைப்பாகையுமாகக் காரின் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தான். கார் லாவண்டர் ஸ்ட்ரீட் ஓரத்தில் நின்றிருந்தது, பானெட் திறந்திருந்தது. ஏதோ கெட்டுப்போய்த் திறந்தார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. கேலாங்கிலிருந்து இதுவரை அது ஒரு குறையும் இல்லாமல்தான் ஓடிவந்தது. சந்திப்பில் வண்டி மெதுவானபோது, காப்பிக்கடை வாசலில் பனியனோடு நின்று பல்குத்திக்கொண்டிருந்த ஒரு சீனர் காரை மேலும் கீழும் பார்த்து, "வோல்ஸ்லி" என்று ஒரு கார்க் கம்பெனியின் பெயரைச் சொன்னார். யாரும் அவரைக் கேட்கவில்லை. சொல்லிவிட்டு அவர் உள்ளே போய்விட்டார். ஒரு மனிதனின் கல்யாணத்தைக் குலைக்க ஒரு சொல் போதும் என்பது அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

"கேட்டியா வேலு, ரோட்டுல நிக்கிறவனுக்கே தெரியுது" என்றார் முன்சீட்டிலிருந்த முகைதீன்.

ஓட்டிவந்த வேலாயுதம் வண்டியை ஓரங்கட்டி, எஞ்சினை அணைத்து, கைபிரேக்கை இழுத்துவிட்டுத் திரும்பினார். "மாப்ள, ஒரு நிமிஷம் லா."

வேலாயுதம் அழகப்பனின் தாய்மாமன். அவருடைய ஒரு நிமிஷங்கள் குடும்பத்தில் பிரசித்தம். சொந்த மகளின் காதுகுத்துக்கு ஐஸ் வாங்கப் போனவர், ஆர்ச்சர்ட் ரோட்டில் ஒரு பழைய ஆல்விஸ் கார் நிற்பதைப் பார்த்துவிட்டு, சாயங்காலம் ஒரு வாளி தண்ணீரோடு திரும்பிவந்தார். இந்தக் கார், அவர் டிரைவராக இருந்த துரை சீமைக்குக் கப்பலேறும்போது விட்டுப்போனது. விட்டுப்போனவர் அது என்ன கார் என்று சொல்லாமல் போய்விட்டார். முகப்பிலிருந்த சின்னத்தை யாரோ எப்போதோ பிடுங்கிவிட்டிருந்தார்கள். எஞ்சினை ஜப்பான்காரன் காலத்தில் கழற்றிக்கொண்டு போய், பிற்பாடு யாரோ ஏதோ வேனின் எஞ்சினைப் பொருத்தியிருந்தார்கள். மிச்சமிருந்த உடம்பை வைத்துக்கொண்டு வேலாயுதம் அதை ரைலி என்றார். ஜாலான் புசாரில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருந்த முகைதீன் அதை வோல்ஸ்லி என்றார். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் இருவரும் காரைச் சுற்றி வந்து இதைப் பேசினார்கள். பின்புறம் எப்படிச் சரிகிறது பார், ரைலிதான் என்பார் இவர். முகப்பில் ஒரு செத்த வயர் தொங்குகிறதே, வோல்ஸ்லிக்குத்தானே சின்னத்துக்குள் விளக்கு எரியும் என்பார் அவர். தேர்தல் வந்து, மேயர் வந்து, வெள்ளைக்காரன் போய், ஊரில் எத்தனையோ தீர்ந்துவிட்டது. இது தீரவில்லை.

ஆனால் இன்றைய ஞாயிற்றுக்கிழமை அழகப்பனுடையது. பெருமாள் கோயிலில் பத்தரைக்குள் தாலி கட்டியாக வேண்டும். விட்டால் ஆடி கழிந்து ஆவணியில்தான் அடுத்த முகூர்த்தம். அதுவரை பெண் காத்திருக்க மாட்டாள். இது அவன் ஊகம் இல்லை. சரஸ்வதி தமிழ்ப்பள்ளி ஆசிரியை, மணி அடித்ததும் வகுப்புக் கதவைச் சாத்துகிறவள். முன்பு வந்த ஒரு வரன் பெண் பார்க்க அரைமணி பிந்தி வந்தபோது, பஜ்ஜி ஆறுவதற்குள் வேண்டாம் என்று சொல்லியனுப்பிவிட்டாள். அழகப்பனிடம் அவள் கேட்டது ஒரே கேள்வி: "சொன்ன நேரத்துக்கு வருவீங்களா?" வருவேன் என்று சொன்னான். துறைமுக ஆபீசில் கிளார்க்காக இருந்துகொண்டே முப்பத்தாறு வயதாகிவிட்ட அவன், தன் ஆயுளில் அவ்வளவு உறுதியாகச் சொன்னது வேறொன்றுமில்லை.

"மாமா, நேரமாவுது."

"இதோ ஆச்சு" என்றது பானெட்.

இறங்கி நடந்திருக்கலாம். கோயில் அப்படியொன்றும் தூரமில்லை. ஆனால் பக்கத்தில் ரத்தினம்மா அத்தை உட்கார்ந்திருந்தார். ஆரத்தி எடுத்து ஏற்றிய மாப்பிள்ளையின் கால் கோயில் வாசலில்தான் தரையைத் தொட வேண்டும் என்பது அவர்கள் வீட்டு வழக்கம். நடுவழியில் தொட்டவர் ஒருவர் இருந்தார், அத்தையின் கொழுந்தன். கேமரன் ஹைலண்ட்ஸுக்கு வேலைக்குப் போனவர் இன்னும் திரும்பவில்லை. கால் தரையில் பட்டதற்கும் கேமரன் ஹைலண்ட்ஸுக்கும் என்ன சம்பந்தம் என்று குடும்பத்தில் யாரும் கேட்டதில்லை. அழகப்பனும் தேங்காயை மடியில் வைத்துக்கொண்டு கேட்காமல் இருந்தான்.

வெளியே விவாதம் கார்புரேட்டருக்கு வந்திருந்தது. வேனின் எஞ்சினாக இருந்தாலும் கார்புரேட்டர் காரின் பழையதுதான், அதன் மேல் வார்த்திருக்கும் பெயரைப் பார்த்தால் தெரிந்துவிடும் என்றார் முகைதீன். அழுக்கைச் சுரண்டினார்கள். தெரியவில்லை. மூடியைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார்கள். தெரிந்தது. இரண்டே எழுத்து. அந்த இரண்டெழுத்து அந்தக் காலத்து இங்கிலீஷ் கார்களில் பாதிக்கு மேல் இருந்தது, ரைலியிலும் இருந்தது, வோல்ஸ்லியிலும் இருந்தது. இருவரும் அதைத் தத்தம் வெற்றியாக எடுத்துக்கொண்டார்கள். மூடியைத் திருப்பியபோது அதிலிருந்த சின்னப் பித்தளை ஊசி நழுவிக் காரின் அடியில் எங்கோ உருண்டுவிட்டது. அதைத் தேடி இருவரும் அடியில் நுழைந்தார்கள். இப்போது கார் ரைலியாக இருந்தாலும் ஓடாது, வோல்ஸ்லியாக இருந்தாலும் ஓடாது.

"பாய், நீங்களாச்சும் சொல்லுங்க" என்றான் அழகப்பன்.

"நான்தான் தம்பி பத்து வருஷமா சொல்றேன். ஒங்க மாமா ஒத்துக்க மாட்டேங்குறாரு."

வழியில் ஒரு டாக்சி வந்தது. அழகப்பன் வெற்றிலையைப் பிடித்த கையை ஆட்டினான். டாக்சி நின்றது. கதவோடு கதவு ஒட்டி நிறுத்தினால் தரையைத் தொடாமலே மாறிவிடலாம் என்று அவன் மனம் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போதே, மலாய் டாக்சிக்காரர் இறங்கி, அழகப்பனைக் கடந்து, மட்கார்டைத் தடவிப் பார்த்துவிட்டு, மெல்லச் சிரித்தபடி குனிந்தார். பிறகு காரின் அடியில் தெரிந்த கால்களில் ஒரு ஜோடி கூடியது.

"ஆம்பளைங்களுக்கு வந்த கேடு" என்றார் அத்தை. அதற்குமேல் அவரிடம் யோசனை இல்லை. விசிறியால் தனக்கு மட்டும் விசிறிக்கொண்டார்.

கடைசியில் கோயிலிலிருந்து ஆள் வந்தது. சாதாரண ஆள் இல்லை, பெண்ணின் அப்பா கோவிந்தசாமி. பஸ் பட்டறையில் ஃபோர்மன். பட்டுவேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சைக்கிளில் வந்த வேகத்தைப் பார்த்ததும் அழகப்பனுக்கு முதன்முறையாக உயிர் வந்தது. திட்டட்டும். அடித்தாலும் சரி.

"என்ன சம்மந்தி இது. அங்க ஐயர் ஹோமத்துல நெய்ய ஊத்திக்கிட்டே இருக்காரு, இங்க நீங்க..." கோவிந்தசாமி நின்றார். பார்வை கதவின் கைப்பிடியில் விழுந்து, மெல்ல முகப்பு வரை போனது. குரல் இறங்கியது. "இது எங்க கெடச்சுச்சு?"

"ரைலி" என்றார் வேலாயுதம்.

"வோல்ஸ்லி" என்றார் முகைதீன்.

கோவிந்தசாமி இருவரையும் பரிதாபமாகப் பார்த்தார். "ரெண்டுமில்ல. சிங்கர்."

"தையல் மிஷினா?" என்றார் அத்தை.

அந்தப் பெயரில் காரும் இருந்தது. சைக்கிள் சுவரில் சாய்ந்தது. பட்டுவேட்டி காரின் அடிக்குப் போனது. "மாமா" என்று அழகப்பன் கூப்பிட்டபோது அடியிலிருந்து வேலாயுதமும் கோவிந்தசாமியும் ஒரே நேரத்தில் "ஒரு நிமிஷம்" என்றார்கள். அவனுக்கு அழ வேண்டும் போலிருந்தது. சம்பங்கி மாலையின் வாசனையும், அந்தத் தெருவுக்கே உரிய நாற்றமும், எஞ்சின் எண்ணெயும் சேர்ந்து தலைப்பாகைக்குள் ஏறின. இந்த நாலுபேரில் ஒருவராவது கல்யாணம் ஆகாதவராக இருந்திருந்தால் புரிந்துகொண்டிருப்பார் என்று தோன்றியது.

அப்போதுதான் சைக்கிள்போல் மிதித்து ஓட்டும் டிரைஷா ஒன்று வந்தது. அதில் கல்யாணப் புடவையும் நெற்றிச்சுட்டியுமாக, வகுப்புக்குள் நுழையும் முகத்தோடு சரஸ்வதி தனியாக உட்கார்ந்திருந்தாள். மணப்பெண் இப்படி வரலாமா என்று கேட்க அத்தை வாய் திறந்தார். அந்த முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

"எங்கப்பா எங்க?"

அழகப்பன் கீழே காட்டினான். அவள் பட்டுக்கரையை அடையாளம் கண்டுகொண்டாள். திரும்பி அவனைப் பார்த்தாள். "நீங்க ஏன் நடந்து வரல?"

"கால் தரையில படக்கூடாதாம்."

சிரிப்பாள் என்று நினைத்தான். சிரிக்கவில்லை. ஒரு கணக்கைப் பார்ப்பதுபோல் அவன் கால்களைப் பார்த்தாள். பிறகு இறங்கி, டிரைஷாக்காரக் கிழவரிடம் மலாயில் சொல்லி, வண்டியைக் காரின் பக்கப் படியை ஒட்டிக் கொண்டுவந்து நிறுத்த வைத்தாள். "நீங்க இதுல ஏறுங்க. நான் கூட நடந்து வரேன். இன்னும் நேரமிருக்கு, கெளம்புங்க."

இன்னும் நேரமிருக்கு. காலையிலிருந்து யாராவது இதைச் சொல்லமாட்டார்களா என்று ஏங்கியிருந்தான். இப்படிப்பட்ட ஒருத்தியோடு எத்தனை வருஷமும் இருந்துவிடலாம் என்று தோன்ற, தேங்காயை அத்தையிடம் தள்ளிவிட்டு எழுந்தான். மாலை கதவில் சிக்கியது. விடுவித்துக்கொண்டான். இடது கால் காரின் பக்கப் படியில் இருக்க, வலது காலை டிரைஷாவில் வைத்தான். பிடித்துக்கொள்ள அவள் தோள் எட்டுகிறதா என்று திரும்பினான்.

அவள் அங்கில்லை. இரண்டடி தள்ளி, காரின் முன் மட்கார்டருகே நின்றிருந்தாள். மருதாணிக் கை அதன் வளைவின்மேல் மெதுவாகப் போய், ஓரிடத்தில் நின்று, திரும்பி வந்து, மறுபடி அதே இடத்தில் நின்றது. புருவம் சுருங்கியிருந்தது.

"அப்பா" என்றாள். "இது சிங்கர் இல்லப்பா."

டிரைஷாக்காரர் அவள் விரல் நின்ற இடத்தைப் பார்க்கக் கழுத்தை நீட்டினார். இன்னும் நன்றாகப் பார்க்க, பிரேக்கிலிருந்து கையை எடுத்துவிட்டு எட்டிக் குனிந்தார். தெரு லேசான சரிவு. அழகப்பனின் வலது கால், இடது காலை விட்டு, மெல்ல, மிக மெல்ல, கோயில் பக்கமாகப் போகத் தொடங்கியது.