சாக்கில் தொங்கிய சொட்டு மருந்து

குடவாசல் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டர் இளவழகன் அடிக்கடி சொன்ன வார்த்தை ‘தஞ்சாவூர் போங்க’. போன வருஷம் மனைவி செம்மொழி இறந்த பிறகு அதையும் சுருக்கி ‘தஞ்சாவூர்’ என்று மட்டும் சொன்னான். பெரியாஸ்பத்திரிக்குச் சீட்டில் எழுதிக் கொடுப்பான். பாதிப் பேர் போக மாட்டார்கள். நோய் முற்றித் திரும்பி வருவார்கள்.

அன்று வீரையன் வலது கண்ணைத் துண்டால் பொத்திக்கொண்டு வந்தான். நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்குபவன். கூடவே மனைவி அம்சம்.

“தூத்துற மிஷின்லேர்ந்து பதர் பறந்து விழுந்துச்சுங்க. ஒரு வாரமாச்சு.”

இளவழகன் டார்ச் அடித்தான். கருவிழியில் அரிசிக் குருணை அளவுக்கு வெள்ளை.

“தஞ்சாவூர்,” என்றான்.

“இப்ப முடியாதுங்க. நெல்லு மலையா கெடக்கு. மழை வேற வரும்ங்கிறாங்க.”

“ஒத்தக் கண்ணோட மூட்டையைச் சுமந்துகிட்டு லாரிப் பலகையில ஏறுவியா?” என்றாள் அம்சம். “அடி எங்க வைக்கிறோம்னு தெரியுமா? விழுந்தா உன்னை நான் தூக்கணும்.”

அந்தப் பலகையின் அகலம் வீரையனுக்குத் தெரியும்.

நர்ஸ் இசைவாணி குறுக்கே வந்தாள். “சார், இங்கேர்ந்தே பெரிய டாக்டருங்ககிட்ட கேள்வி கேக்கலாம்னு உங்க போன்ல ஒரு செயலி ஏத்திக் கொடுத்தாங்களே. நீங்க அதைத் திறந்து பார்த்தீங்களா?”

“பக்கம் பக்கமா எழுதணும் சிஸ்டர்.”

“மூணு வரி போதும்னாங்க. பரீட்சைன்னு நெனச்சுட்டீங்களா?”

உண்மையில் அப்படித்தான் நினைத்திருந்தான். முகம் தெரியாத ஒருவரிடம் ‘எனக்குத் தெரியவில்லை’ என்று எழுத்தில் கொடுப்பது லேசான காரியமா? அம்சம் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணைப் படம் எடுத்தான். மூன்று வரி எழுதினான். அனுப்பினான்.

அடுத்த நோயாளிக்கு ஊசி போட்டு முடிப்பதற்குள் போன் சிணுங்கியது. கண் மருத்துவர் பூர்ணிமா, தஞ்சாவூர்.

‘படம் மங்கல். டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் பிடித்து எடுங்கள். என்ன சொட்டு மருந்து போடுகிறார்?’

இளவழகன் நிமிர்ந்து உட்கார்ந்தான். இதே கண்ணை அங்கே இன்னொருவரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்! இசைவாணி டார்ச்சைப் பிடித்தாள். இன்னொரு படம் போனது. பதில் வந்தது.

‘வெள்ளையின் ஓரம் இறகு மாதிரிப் பிரிந்திருக்கிறது. பூஞ்சை என்று சந்தேகப்படுகிறேன். அந்தச் சொட்டு மருந்தின் பெயர் அவசரமாக வேண்டும்.’

“என்ன மருந்துண்ணே போட்டீங்க?” என்று வீரையனைக் கேட்டான் இளவழகன்.

“ஒண்ணும் போடலைங்க.”

“ஏன்யா பொய் சொல்றே?” அம்சம் சீறினாள். “சாக்குல கட்டித் தொங்க விட்டிருக்கீங்களே ஒரு பாட்டில், அது என்ன தீர்த்தமா?”

வீரையன் தலையைச் சொறிந்தான். “அது மூட்டை தூக்குற எங்க செட்டுக்கே பொதுங்க. யாருக்குக் கண்ணு உறுத்தினாலும் அதான். போட்ட உடனே செவப்பு போயிடும். நல்ல மருந்துங்க.”

இளவழகன் அந்தச் செட்டின் மேஸ்திரி கண்ணுசாமிக்குப் போன் போட்டான். “பாட்டிலா? இங்க அப்படி எதுவும் இல்லீங்களே,” என்றது அந்தப் பக்கம். அதிகாரி யாரோ விசாரிப்பதாக அவர் நினைத்துவிட்டார்.

“சிஸ்டர், பாத்துக்குங்க. இதோ வந்துடறேன்.”

“நீங்களா போறீங்க?”

பைக் அதற்குள் கிளம்பிவிட்டது. பாதி ரோட்டில் நெல் காய்ந்தது. மீதிப் பாதியில் பறந்தான். ஒரு நோயாளிக்காக இப்படி ஓடி எவ்வளவோ நாளாகிவிட்டது.

கொள்முதல் நிலையத்தில் தூற்றும் மிஷின் இரைந்தது. மூட்டை அடுக்கின் ஓரத்தில், சணல் கயிற்றில், அந்தச் சின்ன பாட்டில் ஆடிக்கொண்டிருந்தது.

“பிடுங்கிட்டுப் போயிடாதீங்க சார்,” என்று கண்ணுசாமி ஓடி வந்தார். “எங்க எல்லாருக்கும் அது ஒண்ணுதான்.”

வியர்வைக் கை பட்டுப் பட்டு லேபிள் பாதி அழிந்திருந்தது. மிச்சம் இருந்த எழுத்துகளைப் படம் எடுத்து அனுப்பினான். அங்கேயே நின்றான். மூட்டை தூக்குபவர்கள் வேலையை விட்டுவிட்டு அவனைச் சுற்றி நின்றார்கள்.

‘ஸ்டீராய்டு. சிவப்பைக் குறைத்துவிட்டு உள்ளே பூஞ்சையை வளர்க்கும். இந்த நிமிஷமே நிறுத்துங்கள். நாட்டமைசின் சொட்டு இன்றே ஆரம்பிக்க வேண்டும், மணிக்கு ஒரு முறை. நாளைக் காலை அவரை நேராக என் அறைக்கு அனுப்புங்கள். கருவிழியில் சுரண்டி எடுத்துப் பரிசோதிக்க வேண்டும். நல்ல வேளை, இப்போதே கேட்டீர்கள். கண்ணைக் காப்பாற்ற முடியும் என்று நினைக்கிறேன்.’

கடைசி வரியை இளவழகன் உரக்கப் படித்தான். கண்ணுசாமி தானே கயிற்றை அறுத்து பாட்டிலை அவன் கையில் வைத்தார்.

குடவாசல் கடைகளில் நாட்டமைசின் இல்லை. கும்பகோணத்துக் கடைக்காரர் போனில் சிரித்தார். “ஒண்ணும் கவலைப்படாதீங்க டாக்டர், பஸ்ல குடுத்து விடுறேன்.” இளவழகனும் அம்சமும் நிறுத்தத்தில் நின்றார்கள். தூரத்தில் எது வந்தாலும் இருவரும் எட்டிப் பார்த்தார்கள். பால் வண்டி வந்தது. டிராக்டர் வந்தது. கடைசியில் பஸ் வந்தது.

“மருந்து யாருக்குங்க?” என்று கண்டக்டர் படியில் தொங்கினார்.

“எனக்கு!” என்று இருவரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

மறுநாள் தஞ்சாவூரில் பரிசோதித்தபோது பூஞ்சைதான் என்று உறுதியானது. அதன் பிறகு பூர்ணிமா கூப்பிட்ட நாளில் மட்டும் வீரையன் தஞ்சாவூர் போனான். மற்ற நாட்களில் கண்ணின் படம்தான் போனது. வெள்ளை மெல்லச் சுருங்கியது. செட்டு ஆட்கள் எல்லோரும் ஒருநாள் வரிசையில் வந்து நின்றார்கள். “எங்க கண்ணையும் படம் புடிச்சு அனுப்புங்க சார்.” இளவழகன் அலுக்காமல் ஒவ்வொரு கண்ணாகப் பார்த்தான். யாருக்கும் வெள்ளை இல்லை.

அடுத்த நெல் சீசன் தொடங்குவதற்கு முன்னால் வீரையன் வந்தான். இடது கண்ணைக் கையால் மூடிக்கொள்ளச் சொன்னான் இளவழகன்.

“இப்ப என்ன தெரியுது?”

வீரையன் தலையைச் சாய்த்து அவனை மேலும் கீழும் பார்த்தான்.

“சொல்லலாங்களா?”

“சொல்லுங்கண்ணே.”

“சட்டையில ஒரு பட்டனை மாத்திப் போட்டிருக்கீங்க.”

இளவழகன் குனிந்து பார்த்தான். ஆமாம்.

“தெனமும் அப்படித்தான் வர்றாரு,” என்றாள் இசைவாணி. “நாங்க எப்படிச் சொல்றது?”

அம்சம் சிரித்துவிட்டாள். முதலில் இளவழகனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பிறகு அவனும் சிரித்தான். பட்டன்களைக் கழற்றிச் சரியாகப் போட்டான். போனை எடுத்து பூர்ணிமாவுக்கு எழுதினான்.

‘நோயாளிக்கு என் சட்டைப் பட்டன் தெரிகிறது. மூட்டையோடு லாரிப் பலகையில் ஏறலாமா?’