ரெண்டாவது கோட்டிங்

சாவு வீட்டில் நமச்சிவாயம் பீரோவுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்.

கூடத்தில் மனைவி வடிவாம்பாளைக் கிடத்தியிருந்தார்கள். தெருவில் ஷாமியானாவுக்குக் கம்பு நட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் பின்கட்டில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கதவின் ஒரே இடத்தில் பிரஷ்ஷை மேலும் கீழுமாக இழுத்துக்கொண்டிருந்தார். தண்ணீர் பிடிக்கக் குடத்தோடு வந்த சுகாசினி அப்படியே நின்றுவிட்டாள்.

"என்னப்பா பண்றீங்க?"

"உங்கம்மா ஆசையா ஆரம்பிச்சா." அவர் திரும்பவில்லை. "ரெண்டாவது கோட்டிங் பாக்கி இருக்குது. அவ போறதுக்குள்ள முடிச்சுடறேன்."

அம்மா ஆசைப்பட்டு அப்பா ஒன்றைச் செய்து சுகாசினி பார்த்ததே இல்லை. அம்மாவை அடிப்பதைத்தான் விவரம் தெரிந்த நாளிலிருந்து பார்த்திருக்கிறாள். குழம்பில் உப்பு கூடினால் ஒரு அடி, தறியில் இழை அறுந்தால் ஒரு அடி. இப்போது முதுகு வளைய நின்று பெயின்ட் அடிக்கிற மனிதரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

அந்தப் பீரோ அவளுக்காகத்தான். கல்யாணமாகி செவிலிமேட்டில் வாடகைக்குக் குடிபோன மகளுக்குத் துணி வைக்க ஒன்றும் இல்லையே என்று, பழைய இரும்புக் கடையிலிருந்து அம்மா தள்ளுவண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தது. கண்ணாடி போய், ஒரு கால் வளைந்து, உடம்பெல்லாம் துரு. வளைந்த காலுக்குச் செங்கல் முட்டுக் கொடுத்தாள். நான்கு நாள் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாள். ரெட் ஆக்சைடு பூசினாள். அதன்மேல் இலைப்பச்சை. ஒவ்வொன்றுக்கும் வாட்ஸப்பில் ஒரு வாய்ஸ் மெசேஜ்.

கடைசி மெசேஜ் நேற்று ராத்திரி எட்டரைக்கு வந்திருந்தது. ஷிப்ட் முடிந்த அசதியில் தூங்கிப்போன சுகாசினி, விடிந்து இங்கே வரும் ஆட்டோவில்தான் அதைக் கேட்டாள்.

"சுகா, காலையில அடிச்ச பச்சை லேசா இறுகிடுச்சும்மா. ஆனா மொட்டையா இருந்துச்சு. உங்கப்பாவோட தறி அட்டை ரெண்டு ஷெல்ஃபுல கெடந்துச்சு. அத கதவுல வச்சு, ஓட்டை வழியா தங்கக் கலர ஸ்பாஞ்சால தட்டினேன் பாரு, அய்யோ! வரிசை வரிசையா பொட்டு விழுந்துக்கினு இருக்குது. பட்டுப் பொடவையாட்டம் ஒரு பீரோ யாருகிட்டயாவது இருக்குதா? சரி, உள்ள இன்னும் அடிக்கல. உள்ள என்னா கலர் வேணும், சொல்லு."

சிரிப்போடு முடிந்திருந்தது அந்தக் குரல். அதைக் கேட்பதற்குமுன், விடிகாலை ஐந்து மணிக்கு அப்பாவின் போன். "உங்கம்மா பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டா. தொட்டுப் பாத்தா சில்லுனு இருக்குது."

"சுகா! தண்ணி எங்கடி?" பக்கத்து வீட்டுக் கிருஷ்ணம்மாள் கூப்பிட்டாள்.

தாய்மாமன் குமாரசாமி அய்யம்பேட்டையிலிருந்து பிறந்த வீட்டுக் கோடிப் புடவையோடு வந்துவிட்டிருந்தான். இனி குளிப்பாட்ட வேண்டியதுதான். ஐஸ் பெட்டி வேண்டாம், பன்னிரண்டு மணிக்குள் எடுத்துவிடலாம் என்று அப்பா அவசரப்படுத்தியிருந்தார்.

சந்தில் பெஞ்சு போட்டு, பெண்கள் நாலு புடவையை மறைப்பாகப் பிடித்துக்கொண்டார்கள். வடிவாம்பாளின் முகம் முழுக்க மஞ்சள் அப்பியிருந்தது.

"நாங்க வர்றதுக்கு முந்தியே அந்த ஆளே பூசி வச்சிருக்கான்டி," என்றாள் கிருஷ்ணம்மாள். "பொம்பளைங்க பூச வேண்டியது. உயிரோட இருக்கச்சே ஒரு முழம் பூ வாங்கித் தந்திருப்பானா? இப்ப வந்துச்சு பாசம்."

ஒரு சொம்புத் தண்ணீரை முகத்தில் மெதுவாக ஊற்றினாள். மஞ்சள் கரைந்து ஓடியது. இடது கன்னத்தில் தங்கப் பொட்டுகள் தெரிந்தன.

"பெயின்ட் தெறிச்சிருக்குது பாவம். மண்ணெண்ணெய் இருந்தா எடுத்துனு வா, தொடச்சுடலாம்."

சுகாசினி குனிந்து பார்த்தாள். தெறித்த பெயின்ட் இப்படி விழாது. ஒரே அளவுப் பொட்டு, ஒரே இடைவெளி, மூன்று வரிசை. தறி வீட்டில் பிறந்தவளுக்கு அதை எண்ணிப் பார்க்க வேண்டியதில்லை. எந்தப் பூ எங்கே விழ வேண்டும் என்று தறிக்குச் சொல்லும் அட்டையின் துளைகள், அம்மாவின் கன்னத்தில் அப்படியே பதிந்திருந்தன. காதோரம் ஒரு கொத்து முடியைக் காணவில்லை. நகங்களுக்குள் பச்சை.

கிருஷ்ணம்மாள் அரப்பைக் குழைத்துக்கொண்டு கன்னத்தில் கை வைத்தாள்.

"தேய்க்காதீங்க பெரியம்மா."

"என்னாடி?"

"கைய எடுங்க! யாரும் தொடக்கூடாது!"

சுகாசினி பின்கட்டுக்கு ஓடினாள். அப்பா இன்னும் அதே இடத்தில்தான் அடித்துக்கொண்டிருந்தார். மற்றக் கதவில் பிரஷ் படவேயில்லை. கீழே கிடந்த டர்பென்டைன் துணியை எடுத்து, ஈரமான பச்சையை ஒரே இழுப்பில் வழித்தாள்.

அடியில், வரிசையாக வந்த தங்கப் பொட்டுகள் ஓரிடத்தில் ஒரு முகத்தளவு நசுங்கிக் கிடந்தன. அதற்குக் கீழே நான்கு விரல்கள் சறுக்கிக்கொண்டே இறங்கிய கோடு. பெயின்ட்டில் ஒட்டி இறுகிப்போன, பாதி நரைத்த நீள முடிகள். ரெண்டாவது கோட்டிங்குக்கு அவை அடங்கவில்லை.

நமச்சிவாயத்தின் கை அவள் சடையைப் பிடித்தது. முகம் கதவில் மோதியது. பல்லில் இரும்பு இடித்தது. இன்னொரு முறை இழுத்து மோதினார். பழகிய கை, சத்தமே போடாமல் வேலை செய்தது. அவள் கைக்கு அகப்பட்ட பெயின்ட் டப்பாவைத் தூக்கி அவர் நெற்றியில் அடித்தாள். பச்சையும் சிவப்புமாக அவர் முகத்தில் வழிந்தது.

"ரெண்டு அட்டைடீ!" அவர் கத்தினார். "முகூர்த்தப் பொடவை தறியில பாதியில நிக்குது! ஓட்டையெல்லாம் பெயின்ட்ட வச்சு அடைச்சிட்டா! ஏன்டீன்னு கேட்டா, தொடச்சுத் தரேன்னு சிரிக்கிறா. சிரிச்சாடீ அவ!"

பின்கட்டு வாசலில் கிருஷ்ணம்மாளும் குமாரசாமியும் நின்றிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் பாதித் தெரு. அடுத்த தெருவில் கொடுத்தால் அரை மணியில் புது அட்டை குத்திக் கொடுத்துவிடுவார்கள் என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும்.

சுகாசினி உதட்டு ரத்தத்தைத் துடைத்தபடி இடுப்பிலிருந்து போனை எடுத்தாள்.

"வேணாம்மா சுகா." குமாரசாமி அவள் கையைப் பிடித்தான். "போலீஸ்னா ஆஸ்பத்திரிக்கு எடுத்துனு போயி அறுப்பாங்க. எங்க அக்கா உடம்புல இன்னும் என்னா பாக்கி இருக்குதுன்னு கத்தி வைக்கணும்? காரியம் முடியட்டும். அப்புறம் இந்த ஆளை நான் பாத்துக்கறேன்."

"அறுக்கட்டும் மாமா. இன்னிக்கு எடுத்துட்டா, வழுக்கி விழுந்தவளாவே அம்மா எரிஞ்சுடுவா."

குமாரசாமி அக்காவின் கணவரைப் பார்த்தான். பிறகு பீரோ கதவில் ஒட்டியிருந்த முடிகளைப் பார்த்தான். கோடிப் புடவையைக் கிருஷ்ணம்மாள் கையில் கொடுத்தான். நமச்சிவாயத்தைக் கழுத்தோடு பிடித்துச் சுவரில் சாத்தினான். முதல் குத்தில் அவர் உட்கார்ந்துவிட்டார். அவன் நிறுத்தவில்லை. நாலு ஆம்பளைகள் சேர்ந்துதான் பிரிக்க முடிந்தது.

"போன் பண்ணும்மா," என்றான், மூச்சிரைக்க.

நமச்சிவாயத்தைத் துண்டால் கட்டித் தறித் தூணோரம் உட்கார வைத்தார்கள். கிருஷ்ணம்மாள் வடிவாம்பாளின் மேல் கோடிப் புடவையைக் குளிப்பாட்டாமலே போர்த்திவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். நிரப்பிய குடங்கள் சந்தில் நின்றன.

யாரும் தொட்டுவிடக்கூடாது என்று சுகாசினி பீரோவின் முன்னாலேயே காவலாக உட்கார்ந்தாள். சண்டையில் முட்டுச் செங்கல் நகர்ந்திருந்ததால், அப்பாவின் பிரஷ் படாத மற்றக் கதவு தானாகவே மெல்லத் திறந்துகொண்டது.

உள்ளே இன்னும் துரு. நடுத் தட்டில் செய்தித்தாள் விரித்து, இரண்டு தறி அட்டைகளை அம்மா பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தாள். ஒன்றில் எல்லாத் துளைகளும் சுத்தமாகத் திறந்திருந்தன. இரண்டாவதில் பாதிவரை. அடுத்த துளையில், நுனியில் தங்கக் கலர் ஒட்டிய தீக்குச்சி ஒன்று செருகியபடியே நின்றது.