ஐயர்லாந்துப் புகை

பாளையங்கோட்டை தாணுமாலையனுக்கு இரண்டு பெருமைகள். ஒன்று, அவர் தெருச் சைவ சபையின் செயலாளர். முட்டை கூட வாசல் தாண்டாத குடும்பம். இன்னொன்று, அவர் விஸ்கி ரசிகர். இது மனைவி ஆவுடையம்மாளுக்கு மட்டும் தெரியாது. வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்ற அவர் அதுவரை குடித்ததெல்லாம் ஒயின் ஷாப் சரக்கு. அதற்கு ரசனை தேவையில்லை, துணிச்சல் போதும்.

1998 பொங்கலுக்கு டப்ளினிலிருந்து மருமகன் டாக்டர் சிவசைலம் வந்தார். மாடிக்கு மாமனாரைத் தனியாக அழைத்துப்போய், துண்டில் சுற்றிய புட்டி ஒன்றைக் கொடுத்தார்.

“மாமா, சித்ராவுக்குத் தெரிய வேண்டாம். குடியை விட்டுட்டேன்னு சத்தியம் பண்ணிருக்கேன்.”

“என் மக காதுக்குப் போகாது மாப்ளை. இது என்ன தினுசு?”

“அயர்லாந்து சிங்கிள் மால்ட். சதுப்பு நிலத்துல மக்கிக் கிடக்குத புல்லு மண்ணை வெட்டிக் காயவச்சு எரிப்பாங்க. அந்தப் புகையில பார்லியை வாட்டித்தான் இதை வடிக்கது.”

மண்ணை எரித்துச் சாராயம் காய்ச்சும் நாட்டின் மீது தாணுமாலையனுக்குப் பெரும் மரியாதை ஏற்பட்டது. புட்டியின் கழுத்தில் தொங்கிய சிறு புத்தகத்தை மனப்பாடம் செய்தார். புகை, தேன், வெனிலா, ஆப்பிள், கடைசியில் கடற்காற்று.

மகளும் மருமகனும் சம்பந்தி வீட்டுக்குப் போன பிறகு, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்பாசமுத்திரத்தில் அரிசி மில் வைத்திருக்கும் முத்துமாலையின் ஆற்றங்கரைத் தோப்பில் புட்டி திறக்கப்பட்டது. உடன் வந்தவர் வக்கீல் காந்திமதிநாதன், சைவ சபையின் தலைவர்.

“ஐயர்லாந்தா?” என்றார் முத்துமாலை. “ஐயர்மாரு அங்கன போயுமா காய்ச்சுதாக?”

“நீரு பேசாம குடியும்வே. புகை முதல்ல வரும். தேன் பைய வரும்.”

முத்துமாலை ஒரு வாய் குடித்தார். அவர் முகம் சுருங்கி விரிய நேரம் பிடித்தது. “தப்பா எடுத்துக்கிடாதீங்க அண்ணாச்சி. நெல்லு அவிக்கும்போது அடி பிடிச்சா மில்லுல ஒரு வாடை வரும்லா, அது. பொறவு புண்ணுக்குப் போடுத டிஞ்சர்.”

வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார். “எனக்கு ஆப்பிள் தெரியுது” என்றார். கோர்ட்டில் இல்லாததைப் பார்த்துப் பழகியவர்.

தாணுமாலையனுக்கு ஆப்பிளும் வரவில்லை, கடலும் வரவில்லை. மூன்றாம் முறை ஊற்றியபோது கொஞ்சம் ஆற்றுத் தண்ணீரைச் சேர்த்தார். புகைக்குள்ளிருந்து மெல்லிய இனிப்பு ஒன்று எழுந்து நாக்கில் நின்றது. உண்மையாகவே நன்றாக இருந்தது. ஆனால் அதைச் சொன்னால் யார் நம்புவார்கள்? வக்கீல் ஏற்கெனவே ஆப்பிள் வரை போயாயிற்று.

மீதிப் புட்டியை முத்துமாலையிடம் விட்டுவிட்டு, வெற்றிலையும் ஏலக்காயும் மென்றபடி பஸ்ஸில் வீடு திரும்பினார். புகை போகவில்லை. கதவைத் திறந்த ஆவுடையம்மாளின் மூக்கு விடைத்தது.

“வாயை ஊதுங்க.”

ஊதினார். அவள் அலறிப் பின்வாங்கினாள். “கருவாடு!”

“கருவாடா? கோட்டி புடிச்சிருக்கா ஒனக்கு?”

“பஸ்ஸுல கருவாட்டுக் கூடை ஏறுனா இறங்கி நடக்குதவ நான். எனக்குத் தெரியாதா? சுட்ட கருவாடு!”

வேறு வழியில்லை. “நான் விஸ்கிதான் குடிச்சேன்” என்றார்.

“எங்கப்பா குடிக்கதைப் பாத்து வளந்தவகிட்டயா கதை விடுதீங்க? அது வாடையே வேற.”

“மாப்ளை கொடுத்தது. வேணும்னா கேளு.”

அவள் உடனே சம்பந்தி வீட்டுக்கு போன் போட்டாள். மருமகனே எடுத்தார். பின்னணியில் சித்ராவின் குரல் கேட்டது. “நானா அத்தை? நான் அதைத் தொட்டே வருசக்கணக்காச்சு” என்றார் டாக்டர், மிகத் தெளிவாக.

தாணுமாலையனுக்குத் தனித்தட்டு வந்தது. அடுக்களைப் பக்கம் வரக்கூடாது என்று உத்தரவும் வந்தது. பரிகாரம் கேட்பதற்காக ஆவுடையம்மாள் பக்கத்து வீட்டுக்காரியிடம் மட்டும் சொன்னாள். மறுநாள் தெருவில் யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. சாயங்காலம் சபை கூடியது. தலைமை, காந்திமதிநாதன்.

“வக்கீலய்யா, நடந்தது என்னன்னு நீரே சொல்லும்வே” என்றார் தாணுமாலையன்.

வக்கீல் மின்விசிறியைப் பார்த்தார். “தலைமை வகிக்கவன் சாட்சி சொல்லுத மரபு கெடையாது.”

இருபது வருஷச் சிநேகிதம். வக்கீலைக் காட்டிக்கொடுக்கத் தாணுமாலையனுக்கு மனம் வரவில்லை. “நான் குடிச்சேன். முத்துமாலை தோப்புல வச்சுக் குடிச்சேன். கருவாட்டைக் கண்ணால கூடப் பாக்கல” என்றார்.

சபை நிம்மதிப் பெருமூச்சு விட்டது. குடிதான் என்றால் அது ஆண்பிள்ளைக் காரியம். ஆனால் நிரூபிக்க வேண்டும். போன் போய், மறுநாள் முத்துமாலை மஞ்சள் பையில் புட்டியோடு வந்து சேர்ந்தார். ஒவ்வொருவராக மோந்து பார்த்தார்கள். கருத்து ஒருமிக்கவில்லை.

“மூக்கை நம்ப முடியாது. நாக்குல வச்சாத்தான் நியாயம்” என்றார் பொருளாளர்.

தர்மத்தை நிலைநாட்டுவதில் யாரும் பின்வாங்கவில்லை. சில உறுப்பினர்கள் சந்தேகம் தீராமல் இரண்டு முறை விசாரித்தார்கள். புட்டி காலியானதும், செயலாளர் குற்றமற்றவர் என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. நீதிபதிகள் தத்தம் வீடுகளுக்குக் கிளம்பினார்கள்.

சற்று நேரத்தில் தெருவின் இரு மருங்கிலும் ஒரே கூக்குரல் எழுந்தது. சபை முழுக்கக் கருவாடு தின்றுவிட்டது!

பெண்கள் அன்றைக்கே முடிவெடுத்து வேன் பேசினார்கள். விடிந்ததும் தலைவர், செயலாளர், பொருளாளர், உறுப்பினர்கள் எல்லோரும் பாபநாசத்துக்கு ஏற்றப்பட்டார்கள். தை மாதத்து ஆற்று நீர் எலும்பைக் கடித்தது. பாவம் போகிறதோ இல்லையோ, பல் கிட்டிப்போனது. காந்திமதிநாதன் தண்ணீரில் நடுங்கியபடி தாணுமாலையன் பக்கத்தில் வந்து, “வே, மனசுல வச்சுக்கிடாதீரும்” என்றார். இவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு முங்கினார்.

கரையில் பெண்கள் புளியோதரை பிரித்தார்கள். வழக்கமாகக் கருவாட்டுக் குற்றவாளிகள் எங்கே உட்கார வேண்டும் என்று யாருக்கும் தெரியாததால் ஆண்கள் நின்றுகொண்டே இருந்தார்கள். தாணுமாலையன் ஈர வேட்டியோடு போய் ஆவுடையம்மாள் அருகில் உட்கார்ந்தார்.

அவள் நெருங்கி வந்து ஒருமுறை முகர்ந்து பார்த்தாள்.

“சத்தியமா அந்தத் தண்ணியோட வாடையா அது?”

“சத்தியமா.”

“கண்ணறாவி” என்றாள். “குடிக்கதுதான் குடிக்கீங்க, மனுசன் குடிக்கதாப் பாத்துக் குடிக்கக் கூடாதா?” என்று இலையில் இரண்டு கை புளியோதரையை அள்ளி வைத்தாள்.