மகிழ்ச்சி ஞாயிற்றின் இரண்டாம் வாசகம்

பூசையில் வேதம் வாசிப்பவர்களின் பட்டியலை, கோயில் காரியங்களைப் பார்க்கும் உபதேசியார் ஆகஸ்டு மாதமே போட்டுவிடுவார். எந்த ஞாயிறு யாருக்கு என்று நீளத் தாள் ஒன்றில் கோடு கிழித்து எழுதி, பூசைப் பொருள்கள் வைக்கும் திருப்பண்ட அறைக் கதவின் உள்பக்கம் ஒட்டிவைப்பார். அந்த ஆகஸ்டில் அவளுக்கு ஆறு மாதம். டிசம்பரில், கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலம் மூன்றாம் ஞாயிறு, இரண்டாம் வாசகம் என்று தன் பெயருக்கு நேரே இருந்ததைப் பார்த்துவிட்டு, "ஐயா, அப்ப பிள்ள பொறந்து இருபது நாள்கூட ஆயிருக்காது. கையில தூக்கிக்கிட்டா வாசிக்கிறது?" என்று சிரித்தாள்.

"சேர்ந்து வாசிக்கட்டும்மா. மைக் செலவு மிச்சம்" என்றார் உபதேசியார்.

பிள்ளை செப்டம்பர் கடைசியிலேயே பிறந்துவிட்டது. அழவில்லை. அதைப் பார்த்து அவளும் அழவில்லை. இன்றைக்கு அழுவாள், நாளைக்கு அழுவாள் என்று வீட்டில் எல்லோரும் காத்திருந்தார்கள். பத்தாம் நாள் அவள் எழுந்து துணி துவைத்தாள். ஒரு மாதம் கழித்து மூக்குக் கண்ணாடிக் கடை வேலைக்குத் திரும்பினாள். பல் பிடுங்கும் முன் ஊசி போட்டால் கன்னம் ஒரு மாதிரி ஆகுமே, தொட்டால் யாரோ தொடுகிறார்கள் என்று தெரியும், நம் கன்னம் என்று தெரியாது. அவளுக்கு உடம்பு முழுக்க அப்படி இருந்தது. சோறு உள்ளே போனது. தூக்கம் வந்தது. யாராவது பேசினால் பதில் சொன்னாள்.

மூன்றாம் ஞாயிறு வரும் வாரம், புதன்கிழமை சாயங்காலம், நாத்தனார் வந்தாள். கணவனுக்கு மூத்தவள். நல்ல மனசு, வாய்க்குத்தான் கதவு கிடையாது.

"ஞாயித்துக்கிழம வாசகத்த எங்கிட்டக் குடுத்துடு. உபதேசியார்கிட்ட நான் சொல்லிக்கிறேன்."

"ஏன் அண்ணி?"

"ஏனா? என்ன வாசகம்னு பாத்தியா இல்லையா?"

"பாத்தேன்."

"சந்தோஷமா இருங்கன்னு கோயில்ல இருக்கிற அத்தன பேருக்கும் சொல்லணும். இந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நீ அதச் சொன்னா, சாவு வீட்டுல போய்க் கல்யாணப் பத்திரிக வச்ச மாதிரி இருக்கும்டி." சொன்ன பிறகுதான் நாத்தனாருக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ஐயோ, நான் அப்படிச் சொல்ல வரல."

"பரவால்ல அண்ணி. என் மூஞ்சிய நானும் தினம் கண்ணாடியில பாக்கிறேன்ல."

கணவன் தட்டைப் பார்த்தபடியே சொன்னான்: "அக்கா சொல்றதும் சரிதானே. விட்டுடேன். அடுத்த வருஷம் வாசிச்சுக்கலாம். கொஞ்சம் பொறுமையா இரு."

பொறுமையா இரு. ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா தோளைத் தட்டிச் சொன்னது அதுதான். மருந்துச் சீட்டை நீட்டியபடி டாக்டர் சொன்னார். வீட்டுக்கு வந்து ஜெபித்துவிட்டுப் போகும்போது கோயில் சாமியார் சொன்னார். கடை முதலாளி சம்பளக் கவரோடு சேர்த்துச் சொன்னார். அவள் பொறுமையாகத்தான் இருந்தாள். பொறுமையைத் தவிர அவளிடம் வேறெதுவும் மிச்சமில்லை.

"நானே வாசிக்கிறேன்" என்றாள். ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

மறுநாள் கடையில், லென்ஸ் தட்டுக்கு அடியில் வாசகத் தாளை வைத்துக்கொண்டு பழகினாள். பவுல் என்கிற சின்னப்பர் சிறையில் இருந்தபோது எழுதிய கடிதம். ஆண்டவரில் மகிழ்ந்திருக்கச் சொல்கிறார். சொன்னதோடு நிற்காமல், திரும்பவும் சொல்கிறேன் என்று இன்னொரு தரம் சொல்கிறார். வாய் தடங்கல் இல்லாமல் வாசித்தது. இடறியது வேறெங்கோ. கோயிலில், பீடத்துக்குப் பக்கத்தில் நின்று, தனக்குள் துளிகூட இல்லாத ஒன்றை இருக்கிற மாதிரி சொன்னால் அது பொய் இல்லையா? கடையில் பொய் சொல்லலாம். இந்த பிரேம் உங்கள் முகத்துக்கு எடுப்பாக இருக்கிறது என்று தினமும் நாலு பேரிடம் சொல்கிறாள். வாசகமேடையில் சொல்லலாமா?

"என்னம்மா முணுமுணுக்கிற, லென்ஸுக்கு மந்திரம் போடறியா?" என்றார் முதலாளி.

"கோயில் வாசகம் சார்."

"போடு, போடு. பவர் நல்லா நிக்கட்டும்."

கண் பரிசோதனைக்கு ஒருவர் வந்தார். அவரை நாற்காலியில் உட்காரவைத்து, சுவரில் இருந்த அட்டையைக் காட்டி, "கடைசி வரியப் படிங்க" என்றாள். அவர் ஒவ்வோர் எழுத்தாகப் படித்தார். அவர் எதையும் நம்ப வேண்டியதில்லை, எழுத்து தெரிந்தால் போதும். கொடுத்துவைத்த மனுஷன் என்று நினைத்துக்கொண்டு அடுத்த லென்ஸை மாட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. திருவருகைக் காலம் முழுக்க ஊதா உடுத்தும் சாமியார், அந்த ஒரு நாள் ரோஜா நிற உடையில் வந்தார். பாதி வழி வந்துவிட்டோம், கொஞ்சம் மகிழலாம் என்று கோயில் தரும் சலுகை அது. ரோஜா நிற மெழுகுதிரியையும் ஏற்றினார்கள். அவள் முன்வரிசையில் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் முதல் வாசகம் வாசிக்கப்போகும் தபால்காரர்.

தபால்காரர் எழுந்து போனார். பக்க அடையாளத்துக்கு நாடா வைத்திருந்த இடத்தில் வாசக நூலைத் திறந்தார். கணீரென்று வாசிக்கத் தொடங்கினார்: பாலைநிலம் பூப்பதைப் பற்றி, முடவர் துள்ளுவதைப் பற்றி. பெஞ்சுகளில் காகிதம் சலசலத்தது. கையிலிருந்த வழிபாட்டுத் தாளில் இருந்தது வேறு வாசகம்.

என்ன நடந்தது என்று அவளுக்கு உடனே புரிந்தது. ஞாயிறு வாசகங்கள் மூன்று ஆண்டு வரிசையாக வரும். கோயிலின் ஆண்டு திருவருகையின் முதல் ஞாயிற்றில் பிறக்கும். இப்போது பிறந்திருப்பது மூன்றாம் ஆண்டு. வாசக நூலில் மூன்றாம் ஞாயிறு என்ற தலைப்பின்கீழ் மூன்று ஆண்டுகளுக்கும் உரியவை ஒன்றன்பின் ஒன்றாக இருக்கும். பூசைக்கு எல்லாம் எடுத்துவைத்து நாடாவும் வைத்த கோயில்பிள்ளை தலைப்பைப் பார்த்ததும் அங்கேயே வைத்துவிட்டார். அது முதலாம் ஆண்டு. தபால்காரருக்கோ கையில் கொடுத்த கடிதத்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் முப்பது வருஷப் பழக்கம். பிரித்துப் பார்க்கும் பழக்கம் கிடையாது. கடைசிச் சொல் வரை சேர்த்துவிட்டு நிம்மதியாக வந்து உட்கார்ந்தார்.

பதிலுரைப் பாடல் முடிந்தது. அவள் எழுந்து படியேறினாள்.

நூல் திறந்தே கிடந்தது. முதலாம் ஆண்டின் இரண்டாம் வாசகம் கண்ணுக்கு நேரே இருந்தது. ஆண்டவர் வரும்வரை பொறுமையாய் இருக்கச் சொல்லும் வாசகம். மழைக்காகக் காத்திருக்கும் விவசாயி மாதிரிப் பொறுமையாய் இருங்கள் என்கிறது. அதை வாசித்துவிட்டு இறங்கிவிடலாம். ஒருவரும் அவளைக் குறை சொல்ல முடியாது. தவறு ஏற்கனவே நடந்துவிட்டது, அவள் அதன் பின்னால் போனாள், அவ்வளவுதான். பொய் சொல்ல வேண்டாம். அவள் மூஞ்சிக்கும் அது பொருத்தமாக இருக்கும். நாத்தனாருக்கும் நிம்மதி.

பொறுமை என்ற அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டு நின்றாள். இரண்டரை மாதமாக அவளுக்குள் ஒன்றும் அசையவில்லை. இப்போது ஒன்று அசைந்தது. அது துக்கம் இல்லை. பக்தியும் இல்லை. சலிப்பு. போதும், ஆளாளுக்குச் சொல்லி முடித்துவிட்டீர்கள், நீருமா என்று யாரிடமோ கேட்கிற மாதிரி ஒரு சலிப்பு.

தாளைப் புரட்டினாள். ஒன்று, இரண்டு, மூன்று. மைக்கில் அந்தச் சத்தம் பெரிதாகக் கேட்டது. முன்வரிசையில் தபால்காரர் வாயைப் பொத்திக்கொண்டது தெரிந்தது. நான்காம் தாளில் சின்னப்பர் இருந்தார்.

மகிழச் சொல்லும் முதல் வரியை வாசித்தாள். கண் அட்டையின் எழுத்தைப் படிப்பது போலத்தான் வந்தது, தட்டையாக. அடுத்து, திரும்பவும் சொல்கிறேன் என்ற இடம். அங்கே நின்றுவிட்டாள்.

ஏன் திரும்பவும் சொல்கிறார்? கைகால் சங்கிலியோடு உட்கார்ந்து எழுதுகிற மனுஷர். மையும் தாளும் தாராளமாகக் கிடைத்திருக்காது. ஒருமுறை சொன்னால் புரியாதவர்களுக்கா எழுதினார்? முதல் தரம் எழுதியபோது அவருக்கும் அது வெறும் எழுத்தாகத்தான் இருந்திருக்கும். உள்ளே ஒன்றும் அசைந்திருக்காது. அதனால்தான் இன்னொரு தரம் எழுதினார். இருக்கிறவன் சொல்வதற்கு ஒரு தரம் போதும். இல்லாதவன்தான் இரண்டு தரம் சொல்ல வேண்டும்.

அப்படியானால் இது பொய் இல்லை.

கோயில் காத்திருந்தது. யாரோ இருமினார்கள். அவள் இரண்டாம் தரமும் வாசித்தாள். அதுவும் தட்டையாகத்தான் வந்தது. ஆனால் அது அவள் குரல் என்று அவளுக்குத் தெரிந்தது. மிச்சத்தை வேகமாகவும் இல்லாமல் மெதுவாகவும் இல்லாமல் வாசித்து முடித்தாள். இறங்கும்போது படி எங்கே இருக்கிறது என்று பாதத்துக்குத் தெரிந்தது.

பூசை முடிந்ததும் திருப்பண்ட அறையில் ஒரே கலவரம். கோயில்பிள்ளையும் தபால்காரரும் ஒருவரையொருவர் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"நாடா இருந்த இடத்துல வாசிச்சேன், இதுல என் தப்பு என்ன?"

"ஏன், மேல முதல் ஆண்டுன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கே, அது கண்ணுல படலையா? மொதல்ல அந்தப் பொண்ணு கடையில போய் ஒரு கண்ணாடி வாங்கும்!"

நாத்தனார் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நடுவுல நிறுத்துனியே, மறந்துட்டியோன்னு நெனச்சேன்டி."

"மறக்கல அண்ணி."

"பின்ன?"

"யோசிச்சேன்."

உபதேசியார் கிறிஸ்து பிறப்புக் காலத்துக்கான பட்டியலை எடுத்துவைத்திருந்தார். பேனா மூடியைப் பல்லால் கழற்றிக்கொண்டே, "உனக்கு எதும்மா போடட்டும்? கிறிஸ்துமஸ் பெருவிழாவா, மூவரசர் திருநாளா? இன்னிக்கு நல்லாப் பண்ணின. நீயே கேளு" என்றார்.

"இருபத்தெட்டாம் தேதி."

உபதேசியாரின் கண் பட்டியலில் கீழே இறங்கி அந்தத் தேதியில் நின்றது. மாசில்லாக் குழந்தைகள் விழா. குழந்தைக் கிறிஸ்துவைத் தேடி அரசன் ஆள் அனுப்பி வெட்டிப்போட்ட கைக்குழந்தைகளின் நாள். ஞானஸ்நானத் தண்ணீர் தலையில் படாமலேயே புனிதரானவர்கள். தன் பிள்ளைகளை நினைத்து அழுது, ஆறுதலே வேண்டாம் என்று சொல்லிவிட்ட ஒரு தாயைப் பற்றி அன்றைய நற்செய்தியில் வரும்.

"அது சாதாரணப் பூசைம்மா" என்றார் மெதுவாக. "காலையில ஆறரைக்கு. நாலு பேர் வந்தாலே அதிகம்."

"நாலு பேர் போதும்யா."

அவர் அந்தத் தேதிக்கு நேரே அவள் பெயரை எழுதினார். எழுதி முடித்து மை காயட்டும் என்று ஊதினார்.

கணவன் வாசலில் வந்து நின்று, "போலாமா?" என்று கேட்டான்.

"போலாங்க" என்றாள். இரண்டு அடி நடந்தபின் கேட்டாள்: "இருபத்தெட்டாம் தேதி காலையில உங்களுக்கு வேலை இருக்கா?"

"இருக்கு. ஏன்?"

"லீவு சொல்லிடுங்க."